மாடித்தோட்டம் கேள்வி-பதில்: தழைச்சத்தும் பாக்டீரியாவும்

தக்காளிக்கு ரைசோபியம் போடலாமா? (மயிலாப்பூர் வாசகி)

பயனில்லை. ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனை, அதாவது தழைச்சத்தை, பிடித்துச் செடிக்குத் தரும் பாக்டீரியா. அது காராமணி, அவரை, உளுந்து போன்ற பயறுவகைகளின் வேரில்தான் முடிச்சு கட்டும். தக்காளிக்கு அசோஸ்பைரில்லம் என்ற வேறு பாக்டீரியா உரத்தை வாங்குங்கள். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள்.

பிடுங்கிய காராமணி வேரில் உருண்டை உருண்டையாக இருக்கிறது. நூற்புழுவா? (அம்பத்தூர் வாசகர்)

ஒன்றைக் கிள்ளிப் பார்த்திருந்தால் கடிதமே வேண்டியிருக்காது. விரலால் தள்ளியதும் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது ரைசோபியம் முடிச்சு. நன்றாக வேலை செய்கிறது. வேரைத் தாக்கும் நூற்புழுவால் வந்த வீக்கத்தில் வேரே பருத்திருக்கும், உதிராது. இனிமேல் காய்ப்பு ஓய்ந்த செடியைப் பிடுங்காதீர்கள். தரையோடு வெட்டி, வேரை மண்ணிலேயே மட்க விடுங்கள்.

அசோஸ்பைரில்லம் போட்டும் கத்தரிச்செடியில் மாற்றமே இல்லை. எல்லாம் ஏமாற்றா? (வேளச்சேரி வாசகர்)

பாக்கெட்டை எப்போது வாங்கினீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள், கூடவே என்ன போட்டீர்கள்? ஒன்றையும் எழுதாமல் ஏமாற்று என்கிறீர்கள்.

உள்ளே இருப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். சித்திரை வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். அதை வாங்கி வந்து தகரக் கூரைக்கடியில் வைக்கிறோம். செத்ததைப் போட்டால் செடி எப்படித் தேறும்? வெயிலில் கிடக்கும் பாக்கெட்டை வாங்காதீர்கள், நிழலில் இருப்பதைக் கேளுங்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது. அடுத்த தவறு, யூரியாவோடு சேர்த்துப் போடுவது. யூரியாவிலிருந்து வரும் அம்மோனியம் மண்ணில் தாராளமாக இருந்தால், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் வேலையை இந்தப் பாக்டீரியா நிறுத்திவிடும். பூஞ்சாணக்கொல்லி மருந்தோடும் கலக்காதீர்கள். மட்கிய தொழுஉரத்தில் ஒரு கைப்பிடி கலந்து, மாலையில், ஈர மண்ணில் வேரோரமாக இடுங்கள். அதற்குமுன் காலாவதித் தேதி!

ஐப்பசி மழையில் தொட்டியில் நீர் தேங்கிக் கீரை மஞ்சளாகிவிட்டது. யூரியா தூவலாமா? (தாம்பரம் வாசகி)

கூடாது. முதலில் அடித்துளையைக் குத்தி நீரை வடியுங்கள். அம்மோனியத்தை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸுக்கும், அதைச் செடி எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக்கும் நைட்ரோபாக்டருக்கும், அதாவது மண்ணிலுள்ள இந்த இரு பாக்டீரியாக்களுக்கும், ஆக்சிஜன் வேண்டும். நீர் தேங்கினால் அந்த வேலை நின்றுபோகும். வேறு பாக்டீரியாக்கள் இருக்கிற நைட்ரேட்டையும் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். நீங்கள் தூவும் யூரியாவும் வீணாகத்தான் போகும்.

மரத்தூள் போட்ட பிறகு செடிகள் வெளிறிவிட்டன. ஏன்? (பெரம்பூர் வாசகர்)

பச்சையாகப் போட்டிருப்பீர்கள். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. மட்க வைத்துப் போடுங்கள்.