பிளாட்டர்ஸ் பாட்டு: கேட்டதும் சொன்னதும்

கே: சார், 'ஒன்லி யூ' பாட்டு இரண்டு தடவை பதிவானதாமே?

ஆமாம். பிளாட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் குழு முதலில் 1954-இல் ஃபெடரல் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடியது. தேறவில்லை என்று கம்பெனியே அதைக் கிடப்பில் போட்டுவிட்டது. பாட்டை எழுதிய பக் ராம்தான் குழுவின் மேனேஜரும். மனிதர் விடவில்லை, 1955-இல் மெர்க்குரி என்ற இன்னொரு கம்பெனிக்காக மறுபடி பாடவைத்தார். கறுப்பின மக்களின் இசைக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் தரவரிசைப் பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் ஐந்தாமிடம். அது ஓடுவதைப் பார்த்த பிறகு ஃபெடரலும் தன்னிடம் இருந்த பழைய பதிவைத் தூசி தட்டி வெளியே விட்டது!

கே: தேறாத குழுவை மெர்க்குரி எப்படிச் சேர்த்துக்கொண்டது?

மெர்க்குரி கேட்டது இவர்களை இல்லை. 'எர்த் ஏஞ்சல்' பாடிப் புகழின் உச்சியில் இருந்த பெங்குவின்ஸ் குழுவைத்தான் கேட்டது. அவர்களுக்கும் பக் ராம்தான் மேனேஜர். "இவர்களையும் சேர்த்து எடுத்தால்தான் அவர்கள்" என்றார். கொசுறாக வந்தவர்கள் கம்பெனிக்குச் சம்பாதித்துக் கொடுத்தார்கள். பெங்குவின்ஸுக்கு அதன் பிறகு பெரிய பாட்டே அமையவில்லை.

கே: 'ஒன்லி யூ' தொடக்கத்தில் விக்கல் மாதிரி ஒன்று வருகிறதே, அது தவறா?

அந்த விக்கல்தான் அண்ணா பாட்டே! குழுவின் முதன்மைப் பாடகர் டோனி வில்லியம்ஸ் 'ஒன்லி' என்ற சொல்லுக்குள் நேராக நுழைய மாட்டார். 'ஓ' என்று எடுத்து, தொண்டையில் ஒரு வெட்டு வெட்டி, மேலே தாவிப் பிடிப்பார். காரில் ஒத்திகை பார்க்கும்போது கார் குலுங்கியதில் வந்தது என்று ஒரு கதை உண்டு. நான் நம்புவதில்லை. காது தீட்டிய பாடகருக்கு அது தானாகவே வரும். ஹெட்ஃபோனில் அந்த ஓர் இடத்தை மட்டும் நாலு முறை கேட்டுப் பாருங்கள்.

கே: இவர்கள் பாடியதெல்லாம் பழைய பாட்டுகள்தானே?

பாதி சரி. 'ஒன்லி யூ', முதலிடம் பிடித்த 'தி கிரேட் பிரிடெண்டர்' இரண்டும் பக் ராம் புதிதாகத் தந்தவை. 'மை பிரேயர்' 1939 காலத்துப் பாட்டு. 'ட்வைலைட் டைம்' 1944-லேயே வந்துவிட்டது. 'ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்' 1933-இல் ஜெரோம் கெர்ன் ஒரு மேடை நாடகத்துக்கு இசையமைத்தது. 1959 ஜனவரியில் இவர்கள் குரலில் அது அமெரிக்காவில் முதலிடம். பழைய பாட்டைக் கேட்டு வளர்ந்த பெரியவர்களும் வாங்கினார்கள், அதைக் கேட்டே இராத பிள்ளைகளும் வாங்கினார்கள். வேறென்ன வேண்டும்?

கே: இவ்வளவு மென்மையாகப் பாடுவது ராக் அண்ட் ரோலா?

1956-இல் வந்த 'ராக் அரவுண்ட் தி கிளாக்' படத்தில் இவர்களும் உண்டு. ஆட்டம் போட்டுக் களைத்தவர்கள் ஜோடியாக மெல்ல ஆட ஒரு பாட்டு வேண்டாமா? அதுதான் இது.

கே: இவர்கள் பாட்டுகளில் வரும் அந்தப் பெண்குரல் யார்?

ஜோலா டெய்லர். பெரும்பாலும் பின்னணியில்தான் இருப்பார். 'ஹீ இஸ் மைன்' பாட்டில் முன்னால் வந்து பாடுகிறார், தேடிக் கேளுங்கள்.

கே: ஒரு தொகுப்பு வாங்கினேன். குரல் வேறு மாதிரி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

அப்படித்தான் தோன்றுகிறது. 1960-இல் டோனி விலகினார், சோனி டர்னர் வந்தார். 1960-களின் பிற்பகுதியில் மியூசிகார் கம்பெனிக்காகப் பழைய வெற்றிப் பாட்டுகளை அவர் குரலில் மறுபடி பதிவு செய்தார்கள். அப்புறம் இதே பெயரில் ஊருக்கொரு குழு கிளம்பி, வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்தன. இனி வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் மெர்க்குரி என்றும், பதிவான ஆண்டாக 1955 முதல் 1960 வரை ஏதாவது ஒன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.