நாட்டைப் பார்க்கும் முன் அனுப்புகிற அமைப்பைப் பாருங்கள்

குளச்சலிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

செவிலியர் பட்டம் பெற்று நாகர்கோவிலில் ஓராண்டாகப் பணியாற்றும் உங்கள் மகள், வளைகுடா வேலையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, தெற்கு சூடானுக்கு நிவாரணப் பணிக்குச் செல்ல வேண்டும் என்று உறுதியாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்ததையும், முன்பின் தெரியாதவர்கள் வந்து உதவியதையும் உங்கள் வாயால் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்த விருப்பம் எங்கிருந்து வந்தது என்பதை உங்களைவிட அறிந்தவர் இல்லை.

உங்கள் அச்சமும் நியாயமானதே. ஏதிலியர் பணிக்காக ஆப்கானிஸ்தான் சென்றிருந்த தமிழகத்து இயேசு சபைக் குரு அலெக்சிஸ் பிரேம்குமார், 2014 ஜூனில் ஹெராத் அருகே ஒரு பள்ளியைப் பார்வையிடச் சென்ற இடத்தில் கடத்தப்பட்டு, எட்டு மாதங்களுக்குப் பின்னரே விடுதலையானார்.

ஆனாலும், 'அந்த நாடு ஆபத்தானதா?' என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். 2012இல் கென்யாவின் தடாப் ஏதிலியர் முகாமில் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட ஸ்டீவ் டென்னிஸ் என்ற பணியாளர், தம்மை அனுப்பிய நார்வே நாட்டு நிவாரண அமைப்பின்மீது வழக்குத் தொடுத்தார். பாதுகாப்புக் கடமையில் அந்த அமைப்பு கடுமையாகத் தவறியது என்று ஆஸ்லோ நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. பணியாளரின் துணிச்சல் அமைப்பின் ஏற்பாடுகளுக்கு ஈடாகாது.

ஆகவே மகள் நேர்காணலில் தயங்காமல் கேட்கவேண்டியவை உண்டு. காப்பீடு போர்ச் சூழலையும், மருத்துவத்துக்காக வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கிறதா? சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் போர் விலக்கப்பட்டிருக்கும். இரவில் பயணம் செய்ய விதி என்ன, ஆபத்து என்று தோன்றினால் ஒரு பயணத்தை மறுக்க உரிமை உண்டா, உடன் பணிபுரிபவரே தொல்லை கொடுத்தால் யாரிடம் புகார் செய்வது, அவசர நேரத்தில் உங்கள் அழைப்பை எடுப்பவர் யார்? பொறுப்புள்ள அமைப்புகளில் சில, பணியாளரும் குடும்பமும் மட்டுமே அறிந்த சில கேள்விகளையும் விடைகளையும் முன்கூட்டியே எழுதி வாங்கிப் பூட்டிவைக்கும்; கடத்தல் நேர்ந்தால் அவர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய அது உதவும். படிக்கும்போது உங்கள் நெஞ்சு பதறும் என்று அறிவேன். ஆனால் அப்படிக் கேட்கிற அமைப்பையே நான் நம்புவேன். வாகன விபத்தும் மலேரியாவும் அன்றாட ஆபத்துகள் என்பதால், இருக்கைப் பட்டையும் கொசுவலையும் அற்பமானவை அல்ல.

மார்த்தாண்டத்தில் ஒரு முகவர் இரண்டு லட்சம் ரூபாய் கேட்டதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஐ.நா. அமைப்புகள் வேலைக்கு ஆள் எடுக்கும் எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. உண்மையான நிவாரண அமைப்பு எதுவும் பணம் கேட்காது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகள் பொதுவாகக் குறைந்தது இரண்டாண்டு அனுபவம் எதிர்பார்க்கின்றன. அதனால் மகள் இன்னும் ஓராண்டு இங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றட்டும். காங்கோ, சாட் போன்ற நாடுகளில் பயன்படும் பிரெஞ்சு மொழியைக் கற்கட்டும். ஐ.நா. இணையத்தில் கட்டணமின்றி நடத்தும் 'பி-சேஃப்' பாதுகாப்புப் பயிற்சியை இந்த மாதமே முடிக்கலாம். முடிந்தால் நீங்களும் அருகில் அமர்ந்து பாருங்கள்.

பணி ஒப்பந்தம் எப்போது கைக்கு வந்தாலும், கையெழுத்திடும் முன் இருவரும் என் அலுவலகத்துக்கு வாருங்கள். காப்பீட்டுப் பக்கங்களை வரிவரியாகச் சேர்ந்து படிப்போம்.