ஸ்வாலோடெயிலுக்குக் கிளே அல்ல, ஹிக்லிங்

ஆகஸ்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலுள்ள கிளே மார்ஷஸ் முழுக்கச் சுற்றியும் ஒரு ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சிகூடத் தென்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கண்ணில் குறையில்லை. இடமும் காலமும்தான் பொருந்தவில்லை. கிளே கடலோரச் சதுப்புநிலம், பறவை பார்ப்பவர்களின் சொர்க்கம். நார்ஃபோக் வனவுயிர் அறக்கட்டளை 1926-இல் தொடங்கப்பட்டதே அதைக் காப்பாற்றத்தான்.

பிரிட்டனின் சொந்த ஸ்வாலோடெயில் இனம் வாழ்வது நார்ஃபோக் பிராட்ஸ் நீர்நிலைப் பகுதியில். அதன் புழு மில்க் பார்ஸ்லி என்ற செடியையே நம்பியிருக்கிறது. நாணலை அவ்வப்போது வெட்டாவிட்டால் புதர் மண்டி அந்தச் செடி நசிந்துவிடும். ஆகவே, பிராட்ஸ் பகுதியிலேயே உள்ள, அதே அறக்கட்டளையின் ஹிக்லிங் பிராட் காப்பகத்துக்கு ஜூனில் செல்லுங்கள். காற்றில்லாத வெயில் நாள் முக்கியம். பூத்த முட்செடிகளின் அருகே நில்லுங்கள். துரத்தினால் படம்கூடக் கிடைக்காது. ஆகஸ்டில் சில ஆண்டுகள் இரண்டாம் தலைமுறை பறக்கும், ஆனால் சொற்பமே.