கலப்புத் தவளை மலடாகத்தான் இருக்குமா?

குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கோவேறு கழுதை மலடு. கலப்புத் தவளையும் அப்படித்தானா என்பது கேள்வி. கோவேறு கழுதைக்கு 63 குரோமோசோம்கள். ஒழுங்காக ஜோடி சேராததால் விந்தோ முட்டையோ சரியாக உருவாவதில்லை. தவளைக் கலப்புகளிலும் பல இப்படி முடிந்துவிடும். ஆனால் ஐரோப்பாவில் ஒரு தவளை இதற்கு அருமையான வழி கண்டிருக்கிறது.

1758இல் லின்னேயஸ் பெயர் வைத்த 'எஸ்குலெண்டா' தவளையைத் தனி இனம் என்றே வெகுகாலம் நம்பினார்கள். அது குளத்துத் தவளைக்கும் சதுப்புத் தவளைக்கும் பிறந்த கலப்பு என்று 1960களில் காட்டியவர் போலந்தின் லெஷெக் பெர்கர். இரண்டு பெற்றோர் தவளைகளிடமிருந்தும் தலா 13 என அதற்கு 26 குரோமோசோம்கள்.

முட்டை உருவாகும் முன்பே, இனச்செல்லுக்குள் குளத்துத் தவளையின் 13 குரோமோசோம்களும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஒதுக்கப்பட்டுச் சிதைந்துபோகின்றன. மிஞ்சிய சதுப்புத் தவளையின் குரோமோசோம் தொகுதி தன்னையே நகலெடுத்துக்கொள்கிறது. அப்புறம் ஜோடி சேர்வதில் சிக்கலே இல்லை! அந்த முட்டை குளத்துத் தவளையின் விந்தோடு சேர்ந்தால் மறுபடியும் கலப்புக் குஞ்சு. குளத்துத் தவளையிடம் தலைமுறைதோறும் வாங்கித் திருப்பித் தராத கைமாற்று இது.

சரி, இரண்டு கலப்புத் தவளைகள் சேர்ந்தால்? பெரும்பாலும் தலைப்பிரட்டைகள் பிழைப்பதில்லை. கலந்து புதுப்பிக்கப்படாத சதுப்புத் தொகுதியில் பழுதுகள் சேர்ந்துகிடக்கும். இரண்டு பக்கமும் அதே தொகுதி வந்தால் ஈடுகட்ட ஆளில்லை. டென்மார்க், தெற்கு ஸ்வீடன் பக்கம் மூன்று தொகுதிகளாக 39 குரோமோசோம் கொண்ட கலப்புத் தவளைகளும் கூடவே இருந்து, தேவைப்படும் தொகுதியைத் தந்துவிடுவதால், பெற்றோர் இனங்களே இல்லாமல் கலப்புகள் மட்டுமே வாழும் குளங்கள்கூட உண்டு.