ஒத்தடம் கேட்கவில்லையா? துணி ஆறிப்போகிறதா என்று பாருங்கள்

கேள்வி: எனக்கு 52 வயது. திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆறு மாதமாகக் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், சாயங்காலமானால் எரிச்சல். வலது மேல் இமையில் சின்னக் கட்டி வேறு. போன வருஷமும் அந்தக் கண்ணில் ஒன்று வந்து கீறி எடுத்தார்கள். இப்போது டாக்டர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பத்து நாள் கொடுத்தும் பலனில்லை. மருந்துக் கடையில் தந்த சொட்டு மருந்தை விட்டால் உடனே கேட்கிறது. அதையே தொடரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஒத்தடத்தைத்தான் தொடர வேண்டும், ஆனால் கொடுக்கிற விதத்தை மாற்ற வேண்டும்.

இமை ஓரத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன, மேல் இமையில் மட்டும் ஏறக்குறைய 30. கண்ணைச் சிமிட்டும்போதெல்லாம் அவை கொஞ்சம் எண்ணெய் விடும். கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அதுதான். தையலில் கண் ஊன்றி உட்கார்ந்தால் சிமிட்டுவது குறைந்துபோகும். எண்ணெய் தேங்கி, இறுகி, சுரப்பியின் வாயை அடைத்துக்கொள்ளும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்குமே, அந்த மாதிரி. அதை அரை நிமிஷம் வெந்நீரில் காட்டிவிட்டு எடுத்தால் உருகுமா?

ஈரத்துணி இரண்டு நிமிஷத்தில் ஆறிவிடும். இமைக்கு வேண்டியதோ 40 டிகிரிக்குக் குறையாத சூடு, அதுவும் பத்து நிமிஷம். ஒரு பிளாஸ்கில் வெந்நீர், ஒரு கிண்ணம், இரண்டு பருத்திக் கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். இதமாகச் சுட வேண்டும், சுரீரென்றால் ஆற விடுங்கள். மூடிய கண்மேல் ஒன்று இருக்கும்போதே அடுத்தது கிண்ணத்தில் ஊறட்டும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்குள், சுத்தமான விரலால் மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவி விடுங்கள். விழியை அழுத்தக் கூடாது. காலை, மாலை இருவேளையும் செய்யுங்கள். உறுத்தல் குறைய மூன்று நான்கு வாரம் ஆகலாம், பத்து நாள் போதாது.

இதைச் செய்து காட்ட மூன்று நிமிஷம் போதும். நம் ஊர் ஓ.பி.யில் அந்த மூன்று நிமிஷம் கிடைப்பதில்லை. சீட்டில் ‘ஒத்தடம்’ என்று எழுதிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். நோயாளி நேராக மருந்துக் கடைக்குப் போய்விடுகிறார். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

உடனே கேட்கிற சொட்டு மருந்து என்றாலே எனக்குச் சந்தேகம் ஸ்டீராய்டின் மேல்தான். பெட்டியில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள், இருந்தும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு கெடும். போன பார்வை திரும்பாது. பாட்டிலோடு போய் டாக்டரிடம் காட்டி, கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் இந்த எரிச்சலுக்கென்று நீல ஒளி தடுக்கும் கண்ணாடியை நீட்டினால் வாங்க வேண்டாம். அடைத்த சுரப்பியை அது திறக்காது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி: போன வருஷமும் ஒரு கட்டி. அது இதே இடத்திலா? கண்ணாடி முன் நின்று, தழும்பு எங்கே என்று பாருங்கள். அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்திருக்கிறதா? அந்த ஒரு கண் மட்டும் சிவந்தே இருக்கிறதா? எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் வெளிப்பார்வைக்குச் சாதாரணக் கட்டி போலவே இருக்கும், வலிக்காது. மேலை நாடுகளில் அது அபூர்வம், நம் நாட்டில் அப்படியில்லை. பெரும்பாலும் அப்படி இருக்காது, பயப்படாதீர்கள். ஆனால் ஐம்பதைத் தாண்டியவருக்கு ஒரே இடத்தில் கட்டி திரும்ப வந்தால், கீறி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். போன வருஷம் அனுப்பினார்களா என்று கேளுங்கள். அதே இடம்தான் என்றால் ஒத்தடத்தை நிறுத்திவிட்டு, இந்த வாரமே பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி ஜிப்மர் கண் பிரிவில் காட்டுங்கள். வேறு இடமென்றால் ஒரு மாதம் ஒத்தடம் கொடுங்கள், அப்புறமும் கரையாவிட்டால் உங்கள் டாக்டரிடமே போகலாம்.