கிரேக்கமும் துருக்கியமும் நெருங்கிய மொழிகளா? தமிழருக்கு எது சுலபம்?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. முதல் பகுதிக்குப் பதில் சுருக்கமானது: இரண்டுக்கும் ரத்த உறவே கிடையாது. கிரேக்கம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக் கிளை. துருக்கியத்தின் கூடப்பிறந்தவை அசர்பைஜானியும் துர்க்மேனும். எழுத்தும் வேறு. கிரேக்கத்துக்கு அதன் பழைய 24 எழுத்து. துருக்கியம் 1928 வரை அரபு எழுத்தில் இருந்து, அந்த ஆண்டுச் சட்டத்தால் 29 லத்தீன் எழுத்துக்கு மாறியது.

பிறகு ஏன் ஒன்று போலக் காதில் விழுகிறது? நூற்றாண்டுக்கணக்கில் ஒரே தெருவில் வாழ்ந்து சொற்களைக் கைமாற்றிக்கொண்டதால்தான். கடல் சார்ந்த சொற்கள் பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்து போனவை. துருக்கியர் வடகிழக்குக் காற்றைப் 'பொய்ராஸ்' என்பது கிரேக்கரின் வாடைக்காற்று 'பொரெயாஸ்'. 'லெவ்ரெக்' மீன் அங்கே 'லவ்ராக்கி'. எதிர்த் திசையில் போனவை வீடும் கடைத்தெருவும். பைக்கு 'சாந்தா', மளிகைக்காரருக்கு 'பக்காலிஸ்', குதூகலத்துக்குக் 'கேஃபி'. விகுதிகூடத் தாவியிருக்கிறது. டாக்ஸி ஓட்டுபவர் துருக்கியத்தில் 'தக்ஸிஜி', கிரேக்கத்தில் 'தக்ஸித்ஸிஸ்'. அந்த 'ஜி' நம் 'காரர்' செய்யும் வேலையைச் செய்கிறது. நம்மூர்க் கஜாஞ்சியின் கடைசிச் 'சி'யும் இதே விகுதிதான், பாரசீகம் வழியாக வந்தது.

இனி இரண்டாவது பகுதி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுவோருக்கு இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது: தலா 44 வாரம். அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. இந்தத் துருக்கிய வாக்கியத்தைப் பாருங்கள்:

யாமுர் யாஆஜக் தியே ஷெம்ஸியே அல்தும்.
மழை பெய்யும் என்று குடை எடுத்தேன்.

சொல்லுக்குச் சொல், அதே வரிசை. 'தியே' என்பது 'சொல்' என்ற வினையிலிருந்து வந்தது. நம் 'என்று' வந்த வழியும் அதுவே. 'எவ்-லெர்-இமிஸ்-தென்' என்றால் 'எங்கள் வீடுகளிலிருந்து': வீடு, கள், எங்கள், இலிருந்து. கிரேக்கம் இதையே 'அப்போ தா ஸ்பீத்யா மாஸ்' என்று நான்கு தனிச் சொல்லாக உடைத்து, 'இலிருந்து' என்பதைக் கொண்டுபோய் முன்னால் வைக்கும்.

இன்னும் உண்டு. 'கெல்தி' வந்தான், 'கெல்மிஷ்' வந்தானாம். கேள்விப்பட்ட செய்திக்கு ஒரு 'ஆம்' சேர்க்கும் பழக்கம் நமக்கு இருப்பதால், ஐரோப்பியர் மாதக்கணக்கில் தடுமாறும் இடத்தை ஒரே நாளில் கடக்கலாம். 'புத்தகம் படித்தேன்', 'புத்தகத்தைப் படித்தேன்' என்ற வேறுபாடு அப்படியே இருக்கிறது. 'டீ கீ' என்று நாம் சொல்வதை அவர்கள் 'சாய் மாய்' என்பார்கள்.

வழுக்கும் இடம் உயிரிசை. விகுதியின் உயிரெழுத்து, சொல்லின் உயிரெழுத்துக்கு ஏற்ப மாறும். துருக்கியத்தில் எட்டு உயிர். அ, எ, இ, ஒ, உ ஐந்தும் தெரிந்தவை. ஆறாவது, லத்தீன் 'i' எழுத்தைப் புள்ளியில்லாமல் எழுதுவது (ı), நம் குற்றியலுகரம்: 'அது' என்பதன் கடைசி ஒலி. மற்ற இரண்டுக்கு, 'எ' சொல்லிக்கொண்டே உதட்டைக் குவியுங்கள், பிறகு 'இ' சொல்லிக்கொண்டே குவியுங்கள். கடைசி உயிர் அ, ஒ, உ, குற்றியலுகரம் என்றால் பன்மை 'லார்'. மற்ற நான்குக்கும் 'லெர்'. நாம் 'வந்தானா', 'எடுத்தானா' என்று ஒரே 'ஆ'வில் முடிப்பதற்கு அங்கே நான்கு வடிவம். பலரும் செய்யும் தவறு முதல் உயிரைப் பார்ப்பது. 'கித்தாப்' என்பதில் இகரத்தைப் பார்த்து 'லெர்' போடுவார்கள். பார்க்க வேண்டியது கடைசி உயிர், ஆகவே 'கித்தாப்லார்'. மணி என்று பொருள்படும் 'சாஅத்' மட்டும் அரபு வரவு என்பதால் அடம்பிடித்து 'சாஅத்லெர்' ஆகும். இப்படிப்பட்டவை குறைவு, மனப்பாடம் செய்துவிடலாம்.

கிரேக்கத்தில் நிலைமை தலைகீழ்: ஒலி நமக்குச் சாதகம், இலக்கணம் பாதகம். ஐந்தே உயிர். 'த'வை அதிர்த்து ஒலிக்க அவர்கள் 'ந்+த' சேர்ப்பார்கள், 'ப'வை அதிர்த்து ஒலிக்க 'ம்+ப'. மெல்லினத்துக்குப் பின் வல்லினம் அதிர்வதைப் 'பந்து', 'அம்பு' என்று பிறந்ததிலிருந்து சொல்லிவரும் நமக்கு இதில் கற்க எதுவுமில்லை. ஆனால் அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறும். 'போத்தெ' எப்போது, 'பொத்தே' ஒருபோதும் இல்லை. இகர ஒலியை ஆறு விதமாக எழுதுவார்கள் என்பதால் கேட்டு எழுதுவதில் பிழை வரும்.

பாலில்தான் உண்மையான தலைவலி. நாற்காலி பெண்பால், சுவர் ஆண்பால், சிறுமியைக் குறிக்கும் 'கொரீத்ஸி' அஃறிணை மாதிரி நடுப்பால்! வேற்றுமை மாறினால் முன்னால் வரும் சுட்டு (ஆங்கில 'the' போன்றது), பெயரடை, பெயர் மூன்றும் சேர்ந்து மாற வேண்டும். பெயரைத் தனியாகப் படித்தால் பின்னால் அழ வேண்டிவரும். முதல் நாளிலிருந்தே 'ஒ தீஹொஸ்', 'இ கரேக்லா', 'தொ கொரீத்ஸி' என்று சுட்டோடு படியுங்கள். வினைக்கு இரண்டு அடி உண்டு. 'தா கிராஃபோ' என்றால் எழுதிக்கொண்டிருப்பேன், 'தா கிராப்ஸோ' என்றால் எழுதிமுடிப்பேன். 'பார்' என்பதற்கு 'வ்லேப்போ' (பார்க்கிறேன்), 'தா தோ' (பார்ப்பேன்), 'ஈதா' (பார்த்தேன்) என மூன்று முகம். அகராதி வடிவத்தை மட்டும் படித்தவர் இரண்டாம் மாதத்தில் இங்கேதான் நின்றுபோவார். ஒவ்வொரு வினையையும் மும்மூன்றாகப் படிப்பதே வழி.

இரண்டும் உண்மையிலேயே கலந்த இடமும் ஒன்று உண்டு: இன்றைய துருக்கியின் நடுவிலுள்ள கப்படோக்கியா. அங்கே பேசிய கிரேக்கம் துருக்கியத்தைப் பார்த்துப் பாலைத் தொலைத்தது, விகுதிகளை அடுக்கத் தொடங்கியது, சில ஊர்களில் உயிரிசையும் பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே கரமான்லிகள், துருக்கியத்தைக் கிரேக்க எழுத்தில் எழுதிய கிறிஸ்தவர்கள். கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட 1923 மக்கள் பரிமாற்றம் மொழியைப் பார்க்கவில்லை, மதத்தைப் பார்த்தது. துருக்கியம் மட்டுமே தெரிந்தவர்கள் கிரீஸுக்கும், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள். கப்படோக்கியக் கிரேக்கம் செத்துவிட்டது என்றே அறிஞர்கள் எழுதிவந்தார்கள். 2005-இல் வடக்கு, நடு கிரீஸ் ஊர்களில் பேசுவோர் இருப்பது தெரியவந்தது.

எதைத் தொடங்குவது என்றால், பேச்சு சீக்கிரம் வர வேண்டுமென்றால் துருக்கியம். இரண்டு நாட்டுக்கும் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிரேக்க 'நே' என்றால் ஆமாம், துருக்கிய 'நே' என்றால் என்ன. தலையை மேலே தூக்கி 'ப்ச்' கொட்டினால் இரண்டு ஊரிலும் 'இல்லை'தான்.