ரொட்டவேட்டர் மாட்டும்போது நடுவில் ஆள் நிற்கலாமா?

கேள்வி: சின்ன டிராக்டர் வைத்திருக்கிறேன். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை அதன் பின்னால் மாட்டும்போது இடது பக்கம் சுலபமாக உட்கார்ந்துவிடுகிறது, வலது பக்கம் மட்டும் ஒரு விரல் அளவு தள்ளியே நிற்கிறது. மகனைப் பின்னால் நிறுத்தி, அவன் சொல்லச் சொல்ல ரிவர்ஸில் நகர்த்துகிறேன். இது சரியா?

பதில்: சரியில்லை. மகனை முதலில் அந்த இடத்திலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். கிளட்சிலிருந்து கால் லேசாக வழுக்கினால் போதும், டிராக்டருக்கும் ரொட்டவேட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டடி இடைவெளி இல்லாமல் போய்விடும், கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. இன்ஜின் ஓடும்போது அங்கே யாருமே நிற்கக் கூடாது, நீங்களும்தான்.

சமதரையில் நேராகப் பின்னால் வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே லிவரால் லிங்க் கைகளை (கருவியைத் தூக்கும் இரண்டு கீழ்க் கைகள்), அவை மாட்ட வேண்டிய ரொட்டவேட்டர் பின்களின் (முளைகளின்) உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இன்ஜின் ஆஃப், சாவி உங்கள் பையில். இவ்வளவும் முடிந்த பிறகுதான் இறங்க வேண்டும். மாட்டும் வரிசை: முதலில் இடது லிங்க் கை, அடுத்து வலது, கடைசியாக மேலே நடுவில் இருக்கும் டாப் லிங்க். வலதை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: பெரும்பாலான டிராக்டர்களில் அந்தப் பக்கத் தூக்கு கம்பியில்தான் திருகும் கைப்பிடி இருக்கும், அதைச் சுற்றினால் கை ஏறும், இறங்கும். உங்கள் ஒரு விரல் வித்தியாசம் மேல் கீழாக இருந்தால் இதிலேயே தீர்ந்துவிடும். பக்கவாட்டில் என்றால், கைகள் இடம் வலமாக ஆடாமல் பிடிக்கும் செக் செயினைத் தளர்த்துங்கள். அதற்கும் வரவில்லையா, கடப்பாரையால் ரொட்டவேட்டரை லேசாக நெம்புங்கள். முன் பின்னாகத் தள்ளி நின்றால் மறுபடி ஏறி உட்கார்ந்து நகர்த்துங்கள், அலுப்புப் பார்க்காதீர்கள்.

லிங்க் துளையில் பின் லொடலொடவென்று ஆடினால் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். மாட்டும் பாகங்களின் அளவு வகையைத்தான் கேட்டகிரி என்பார்கள்: கேட்டகிரி 0 கருவியின் கீழ்ப் பின் ஏறக்குறைய 16 மி.மீ., கேட்டகிரி 1-இல் 22 மி.மீ. சின்னப் பின்னுக்குச் சரியான புஷ் (துளையின் இடைவெளியை அடைக்கும் வளையம்) போடுங்கள். மாட்டியது கழன்றுவிடாமல் பூட்டும் லிஞ்ச் பின் இருக்கும் இடத்தில் ஆணியோ கம்பியோ வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, இன்ஜின் சக்தியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட், இதையும் இன்ஜின் நின்றிருக்கும்போதுதான் மாட்ட வேண்டும். 'டக்' என்று பூட்டு விழுந்த பிறகும் ஒருமுறை பின்னால் இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் பூட்டு சரியாக விழவில்லை. வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. சட்டை நுனி மாட்டினால் உதறிக்கொள்ள நேரமே கிடைக்காது. பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அதை மாற்றும்வரை ஓட்டாதீர்கள். மாட்டி முடித்ததும் பி.டி.ஓ.வைப் போடாமல் ரொட்டவேட்டரை மெதுவாக ஏற்றி இறக்கி, ஷாஃப்ட் எங்காவது முட்டுகிறதா, கழன்றுவர இழுக்கிறதா என்று கவனியுங்கள்.

தூக்கியதும் ஸ்டியரிங் லேசாகிவிட்டால் முன்பக்கம் எடை போதவில்லை, வெயிட் போடாமல் கிளம்ப வேண்டாம். கழற்றும்போது ரொட்டவேட்டர் தரையில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், இன்ஜினும் நின்றிருக்க வேண்டும். முதலில் ஷாஃப்ட், பிறகு டாப் லிங்க், வலது, கடைசியில் இடது.